பதினாறாம் நாளுக்குப் பிறகு

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இங்கிலாந்தில் இருக்கிறாள். போன வருடம் அவள் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். 46 வயது. (பெயர் வேண்டாம். எழுதச் சொன்னதே அவள்தான்.) துணைக்குப் போன அம்மாவும் விசா முடிந்து திரும்பிவிட்டார். பகலில் வேலை, பிள்ளைகள். இரவில் தூக்கமே இல்லை. அப்போதுதான் உடன் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் 'குரூஸ்' என்ற தொண்டு அமைப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

1959இல் லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்டில் மார்கரெட் டோரி என்ற அம்மையார், கணவனை இழந்த பெண்களுக்காகத் தொடங்கியது. பிறகு யாரை இழந்தவரும் வரலாம் என்று ஆனது. 'குரூஸ்' என்றால் கலயம். பைபிளில் சாறிபாத் ஊர் விதவையின் வீட்டில் பஞ்ச காலம் முழுவதும் எண்ணெய் குறையாமல் இருந்ததே, அந்தக் கலயம். எவ்வளவு பொருத்தமான பெயர் பாருங்கள்!

இங்கே துக்கத்தில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசுபவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். கட்டணம் கிடையாது. இவளுக்கு வந்தவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம். முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கணவர் பெயர் என்ன?"

"டீச்சர், அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொல்லி மூணு மாசம் ஆயிருந்துச்சு" என்றாள். இவள் அழுதுவிடுவாளே என்று வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. பிள்ளைகள் கலங்குமே என்று இவளும் எடுப்பதில்லை.

சொந்தபந்தம் இருக்கும்போது முன்பின் தெரியாத ஆள் எதற்கு என்று நம்மவர்கள் கேட்பார்கள். நானும் அவளிடம் கேட்டேன். "அம்மாகிட்ட அழுதா அம்மாவுக்கு பிரஷர் ஏறும் டீச்சர். அவர்கிட்ட அழுதா அந்தக் கவலை இல்ல." இதற்கு மேல் நான் என்ன கேட்பது!

அந்தப் பெரியவர் "எல்லாம் விதி" என்றோ, "பிள்ளைகளுக்காகத் தைரியமாக இரு" என்றோ ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். கேட்டுக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான். அது லேசான வேலை இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை சொல்வதைக் குறுக்கே பேசாமல் ஐந்து நிமிடம் கேட்பதே எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இந்த அமைப்போடு பல்லாண்டுகள் இருந்தவர் காலின் மரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவர். 2024இல் காலமானார். 1966இல் வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள் இறந்தார்கள். அந்த ஊர் மக்களுக்கு உதவப் போனவர்களில் அவரும் ஒருவர். காலையில் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டுப் பழகிய எனக்கு, அந்த எண்ணைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை.

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒப்பாரி இருந்தது. கட்டிப்பிடித்து அழுவார்கள், போனவரின் குணம் எல்லாம் பாட்டில் வரும். பதினாறு நாளும் வீடு நிறைய ஆள். பதினேழாம் நாள்தான் கஷ்டம். பந்தல் பிரித்துவிடுவார்கள், வாடகை நாற்காலி வண்டி ஏறிவிடும். பிறகு தலைத் திவசத்துக்குத்தான் வருவோம். கணவனை இழந்தவள் என்றால் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவே யோசிக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

சென்னையில் 1986 முதல் 'சிநேகா' இருக்கிறது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் பேசுவதைத் தன்னார்வலர்கள் கேட்கிறார்கள். அதே போல, துக்கத்தில் இருப்பவருக்கும் ஊருக்கு நாலு பேர் காது கொடுத்தால் போதும், பெரிய கட்டடம் வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களே ஆறு பேர் இருக்கிறோம். இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். முதலில் முறையான பயிற்சி வேண்டும் என்று ஒருவர் சொன்னார், அதுவும் சரிதான். மாணவர்களில் மனநலம் படித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு போன் செய்யுங்கள்.

மற்றவர்கள், உங்கள் வீட்டில் போனவர் ஒருவரின் பெயரைக் கீழே எழுதுங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.