காலடித் தகடு

போடியில் ஊர் விடியிறதுக்கு முந்தியே ஜீப்புகளுக்கு விடிஞ்சுரும். மூணரை, நாலு மணிக்கெல்லாம் காலனி முக்குல வந்து நின்னு ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டி, வெத்தலைப் பை, மழைக்குப் போட்டுக்கிற கொங்காணி இவற்றோடு எங்கள் பெண்கள் ஏறுவார்கள். முந்தல் தாண்டி, புலியூத்து தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது மலை கேரளத்தோடு நின்றது. மலையில் வேலை செய்கிற கைகள் அடிவாரத்துச் சேரிகளிலிருந்து போய்க்கொண்டே இருக்கின்றன. இப்போது வடநாட்டுச் சனங்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஏலச்செடியில் காய் பிடிக்கிறது உச்சியில் இல்லை. தூரில், தரையோடு படர்ந்து கிடக்கிற சரத்தில்தான் பிடிக்கும். அதனால் காய் எடுப்பு என்பது நாள் முழுக்க ஈரத் தரையில் குத்தவைத்துச் செய்கிற வேலை. சாயங்காலம் இறங்கி வரும்போது சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கும். அந்த ஈரக் காலோடுதான் ஜீப்பில் ஏறுவார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கால்களுக்குக் கீழே இருக்கிற தகட்டைப் பற்றியது.

ஜீப், இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்காவில் செய்த வண்டி. 1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. பிறகு சி.ஜே. 3பி, 1980களில் எம்.எம். 540, அப்புறம் கமாண்டர் என்று வரிசையாக வந்தன. பட்டாளத்துக்காகச் செய்த வண்டி எங்கள் பக்கத்தில் தோட்டக்காரர் வண்டியாகி, கொஞ்சம் பழசானதும் கூலியாள் வண்டியானது.

அந்த வண்டியில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. முன்சீட்டில் தோட்டக்காரர். அவர் வராத நாளில் கணக்குப்பிள்ளை. ரெண்டு பேரும் வராத நாளில் அந்த இடம் சும்மா கெடக்கும். பின்னால இடுக்கிப் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற பொம்பளைகளில் ஒருத்தரை முன்னால வந்து உட்காருன்னு சொல்ல மாட்டாங்க. 1989இல் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு வண்டிக்குள்ளயும் யாருக்குப் பக்கத்துல யாருங்கிறது இன்னும் இறுகிப் போச்சுன்னு அம்மா சொல்லும். பின்னால ரெண்டு பக்கமும் பலகை. பலகையில் இடம் முடிஞ்சதும் நடுவில் தரையில் உட்காரணும். உர மூட்டை, டீசல் கேன், மம்பட்டி எல்லாம் அதே தரையில்தான்.

1990களின் கடைசியில், நான் பள்ளிக்கூடம் படிச்சுக்கிட்டிருந்த காலம். எங்க சின்னம்மா அந்தத் தரையில் உட்கார்ந்து போச்சு. மேட்டில் ஒரு குழியில் வண்டி ஏறி இறங்குச்சு. தகடு பொத்துக்கிட்டு வலது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே போயிருச்சு. துருப்பிடிச்ச விளிம்பு ஆடுசதையைக் கிழிச்சிருச்சு. ஓடுகிற வண்டிக்குக் கீழே கால். பக்கத்திலிருந்தவங்க கத்தின கத்தில் டிரைவர் நிறுத்தினதால் கால் மிஞ்சியது. வண்டிக்காரர் சொன்ன ஒரே வார்த்தை: "பாத்து உக்காரக் கூடாதா?" தடுப்பூசியும் தையலும் எங்க செலவு. மூணு வாரக் கூலி போச்சு. மறுநாள் காலையில் அதே ஜீப் வந்தது. ஓட்டை மேல தார் டின்னை வெட்டி விரிச்சுப் போட்டு, அதுக்கு மேல சாக்கு போட்டிருந்தாங்க. சாக்கைப் போட்டதும் ஓட்டை இல்லாமப் போச்சு, அவங்க கணக்குல.

நான் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிச்சேன். வேலை கிடைக்காமல் டிரைவர் ஆனேன். பல வருசம் அடுத்தவன் ஜீப்பை ஓட்டி, சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் ஒரு பழைய எம்.எம். 540 வாங்கினேன். எஞ்சின் நல்லாருந்தது. பாடிதான் போயிருந்தது. ஒரு பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். பட்டறைக்காரர் சுத்திப் பார்த்துவிட்டு, "பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சுத் தாரேன், எஃப்.சி. தாண்டிரும்"னார். பின்தரையைக் காட்டிக் கேட்டேன். "கூலியாள் ஏத்துற வண்டிதான தம்பி, அதுக்கு எதுக்கு இம்புட்டு?" என்றார். அவர் கெட்ட மனுசன் இல்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னார். வண்டியை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் வேப்ப மரத்தடியில் நிறுத்தி, நானே செய்வது என்று முடிவு பண்ணினேன்.

வேலையைத் தொடங்கும் முன்னால் துரு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும். இரும்பு, தண்ணீர், காற்றில் உள்ள ஆக்சிஜன் மூணும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். எங்கள் மலையில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, நடுவில் மூடுபனி. தகடு காய்வதற்கு நேரமே கிடையாது. அதோடு உரம். பொட்டாஷ் உரம் என்று போடுவது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு உப்புத்தான். கிழிஞ்ச மூட்டையிலிருந்து சிந்தி, ஈரக் காலில் மிதிபட்டு, தகட்டின் மடிப்புக்குள் போய்ச் சேரும்.

எல்லாத்துக்கும் மேல மயில்துத்தம். அழுகல் நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவைக்கு 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி. பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும்: துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி மேல் செம்பு படியும், இரும்பு கரைந்து போகும். எங்க ஆளுங்களுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும். கலவை சரியாக இருக்கான்னு பார்க்கக் கத்தியை உள்ளே விட்டு எடுப்பாங்க. கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். அதே துத்தம் மூட்டையிலிருந்து சிந்தி ஜீப் தரையில் ஈரத்தில் கரைந்தால், அங்கே சுண்ணாம்பு போட ஆள் இல்லை. கத்தியில் நடந்தது தகட்டில் நடக்கும். முன்பக்கத் தகடு முழுசாக இருக்க, பின்பக்கம் மட்டும் முதலில் போவதற்கு இதுதான் காரணம். சரக்கும் சனமும் ஒரே இடத்தில் போகிறது.

வேலை இப்படித்தான் நடந்தது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழட்டி, டீசல் டேங்கை இறக்கித் தூரமாக வைத்தேன். பலகை, பாய், சாக்கு எல்லாத்தையும் எடுத்தேன். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தரை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு கணீர்னு கேட்கும். செத்த தகடு சத்தம் அமுங்கிக் கேட்கும். அமுங்கின இடத்தில் முனையால் குத்தினால் உள்ளே போயிரும். பின்சக்கரத்தின் மேல் வளைவு, தகடும் தகடும் சேர்கிற மடிப்பு, பாடி சேசிஸில் உட்காருகிற இடம், கண்ணாடிச் சட்டத்தின் அடி, பேட்டரி தட்டு, இவையெல்லாம் தண்ணி தங்குற இடம். துரு, தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் மடிப்புக்குள் புகுந்தால் ரெண்டு தகட்டையும் பிளந்துவிடுகிறது.

மேலே கை அகலத்துக்குத் தெரிகிற துரு, உள்ளே ஒரு முழத்துக்கு ஓடியிருக்கும். பளபளன்னு நல்ல இரும்பு தெரியும் வரைக்கும் வெட்டி எடுக்கணும். அரையும் குறையுமாக வெட்டி அதன் மேல் தகடு வைத்துப் பற்றவைத்தால், புதுத் தகட்டையும் சேர்த்துத் தின்னும். பட்டி என்பது பள்ளத்தை மட்டம் பண்ணத்தான். அது பாரம் தாங்காது. வெட்டி முடித்தபோது பின்தரையில் பாதி இல்லை. அந்தப் பாதியில்தான் ஆள் உட்காருவது. வாசல் மண் தெரிந்தது.

18 கேஜ் தகடு 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6 மில்லிமீட்டர் கனம். நான் தரைக்கு 16 கேஜ் வாங்கினேன். தகட்டை ஒரே வீச்சில் பற்றவைத்தால் சூட்டில் நெளியும், ஓட்டையும் விழும். மெல்லிய ராடு போட்டு, பொட்டுப் பொட்டாக, ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம், ஆற விட்டு ஆற விட்டு வைக்கணும். வாடகைக்கு எடுத்த மெஷின். சாயங்காலமானால் எங்க காலனியில் கரண்ட் இறங்கிப் போகும், ராடு ஒட்டிக்கும். அதனால் காலையிலேயே செய்தேன். பற்றவைத்த இடத்தைக் கிரைண்டரில் தேய்த்து, கம்பி பிரஷ், உப்புத்தாள், அப்புறம் ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே பெயிண்ட். அடைந்து கிடந்த வடிகால் ஓட்டைகளைத் திறந்து, புதுசாக நாலு ஓட்டை போட்டேன். துருவை எடுக்காமல் மேலே கெட்டியாகத் தார் பூசுவது சாக்குப் போடுகிற வேலைதான். ஈரம் உள்ளேயே நின்று தின்னும்.

இரும்பு அடிக்கிறது இன்ன சாதி வேலை, தோல் தைக்கிறது இன்ன சாதி வேலை, சாக்கடை அள்ளுறது இன்ன சாதி வேலைன்னு பிரிச்சு வச்ச ஊரில், சேரி வாசலில் நெருப்புப் பொறி பறந்ததைப் பார்க்கத் தெருவே கூடியது. அம்மா வந்து புதுத் தகட்டில் ஏறி நின்றது. குதிகாலால் ரெண்டு மிதி மிதித்தது. "முப்பது வருசம் மலைக்குப் போயிருக்கேன்டா. காலடி என்ன ஆகுமோன்னு நெனைக்காம ஒருநாளும் உக்காந்ததில்ல" என்றது. சின்னம்மா ஒண்ணும் பேசவில்லை. வடு இருக்கிற காலை மடக்கி நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கியது.

தரையோடு வேலை முடியவில்லை. அடியில் படுத்துப் பார்த்தால் பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாய் துருவில் பொரிந்திருந்தது. கையால் தடவினால் செதில் உதிர்ந்தது. 17 வளைவில் இறங்கும்போது இந்தக் குழாய் வெடித்தால் மிதித்த மிதி தரைக்குப் போகும், வண்டி நிற்காது. குழாய் முழுவதையும் மாற்றினேன். பின் ஸ்பிரிங் தொங்குகிற இடத்தில் சேசிஸும் ஒரு விரல் நீளத்துக்கு இத்துப் போயிருந்தது. அதை மட்டும் நான் தொடவில்லை. சேசிஸ் வேலை தெரிந்த மூத்த கையிடம் விட்டிருக்கிறேன். அது முடியும் வரை வண்டியில் ஆள் ஏற்றுவதில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், மலையில் ஒரு ஜீப் உருண்டால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். "டிரைவரின் அஜாக்கிரதை" என்று வழக்குப் போடுவார்கள். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 304ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 281, 106. பிரிவுக்கு எண் மாறியது, மாட்டுகிறவன் மாறவில்லை. டிரைவரும் பெரும்பாலும் நம் தெருக்காரன்தான். பிரேக் குழாய் எத்தனை வருசமாகத் துருவில் இருந்தது, தரை எப்போது மாற்றியது, வண்டியைச் செப்பனிட வேண்டியவர் யார் என்ற கேள்விகள் அந்தக் காகிதத்தில் வருவதில்லை. நட்டஈட்டிலும் அடிதான். பாலிசியில் உள்ள ஆள் எண்ணிக்கைக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 2007இல் ஓர் இமாச்சலப் பிரதேசத்துப் பஸ் விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் அடைத்து ஏற்றுகிறவர் ஒருவர், எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவர்கள் நம் பெண்கள். 1951ஆம் வருசத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டத்துக்கும் பொருந்தியது. வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் பற்றியெல்லாம் பேசியது. தோட்டத்திலேயே குடியிருக்கிற தொழிலாளியை மனதில் வைத்து எழுதியது அது. விடியக்காலை மாநில எல்லை தாண்டிப் போய், இருட்டில் திரும்பி வருகிற கூலிக்காரியை அது பார்க்கவில்லை.

எனக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜீப் வாடகை தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணிக்கையோடு ஏற்றினால் டீசலுக்கே கட்டாது. அதனால்தான் எல்லாரும் அடைக்கிறார்கள். தகட்டை நான் மாற்றிவிடலாம், இந்தக் கணக்கை நான் ஒருத்தன் மாற்ற முடியாது. தலைக்கணக்கு ஒழிந்து, வண்டிச் செலவைத் தோட்டம் முழுசாக ஏற்க வேண்டும். கூலி உயர்வு கேட்கிற ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் இதையும் ஒரு கோரிக்கையாக எழுத வேண்டும்.

போடிக்கும் தேவாரத்துக்கும் கம்பத்துக்கும் ஆய்வுக்கு வருகிற தோழர்கள், மாணவர்கள் எங்களிடம் நிறையக் கேட்கிறார்கள். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், கடன் எவ்வளவு என்று எழுதிக்கொள்கிறார்கள். நல்லது. அடுத்த தடவை வரும்போது ஒருநாள் விடியக்காலை ஜீப்பில் கூட ஏறுங்கள். பின்னால் ஏறுங்கள். காலடியில் கிடக்கிற சாக்கைத் தூக்கிப் பார்த்து, அங்கே என்ன இருக்கிறதோ அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.