அதிலிருந்து வெளியே போகாது

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் எங்களுடையது அங்காடி மருந்துக் கடை. குறுந்தோட்டி, சதாவரிக் கிழங்கு, திப்பிலி, கடுக்காய், தசமூலம். வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினால் பலமும் கழஞ்சும் பார்த்து நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவோம். இந்தத் தொழிலில் சரக்கைவிடச் சீட்டு அதிகம் பேசும். யாருக்கு மூலம், யார் வீட்டில் பிரசவம், யாருக்குப் பிள்ளை தங்கவில்லை என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்துவிடும். அப்பா அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்து, மாதக் கடைசியில் அடுப்பில் போடுவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எனக்குக் கட்டற்ற மென்பொருள் பைத்தியம் உண்டு. இந்த ஊரில் அது பெரிய அதிசயமில்லை. 2001இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்துதான் இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தை குனு லினக்ஸில்தான் படிக்கிறார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து எனக்குக் கற்றுக்கொடுத்தாள். கடைக் கணக்கு லிப்ரே ஆபீஸுக்குப் போனது. போனில் பயர்பாக்ஸ், வழி பார்க்க ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், மற்றதெல்லாம் எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிக் கிடங்கிலிருந்து. கடுக்காய் வாங்க வந்தவரை நிறுத்தி வைத்து, உங்கள் போன் உங்களைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறது தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவேன். என் மனைவிக்கு அந்த முதல் வாக்கியம் கேட்டாலே எரிச்சல் வரும்.

2020 ஏப்ரலில் ஸ்பிரிங்க்ளர் விவகாரம் வெடித்தபோது எனக்குக் கொண்டாட்டம். கொரோனா நோயாளிகள், தனிமையில் இருப்பவர்கள் பற்றிய தகவலை அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மென்பொருளில் கேரள அரசு ஏற்றுகிறது என்று எதிர்க்கட்சி கிளப்பியது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரல் 24 அன்று வந்த இடைக்கால உத்தரவில் எனக்குப் பிடித்த பகுதி இரண்டு: ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே அந்த நிறுவனம் தகவலைத் தொட வேண்டும், இனி தகவல் வாங்கும்போது இதைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஊரடங்கில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதை விளக்கினேன். நோயாளியின் பெயர் நோயாளியின் சொத்து என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

அடுத்த ஜனவரியில் வாட்ஸ்அப் தன் புதிய நிபந்தனைகளை ஒத்துக்கொள்ளச் சொல்லி எல்லோர் போனிலும் அறிவிப்பு அனுப்பியது. அதே வாரம், 5ஆம் தேதி, ஆ. மாதவன் காலமானார். இதே தெருவில் கடை வைத்துக்கொண்டு, இந்தத் தெருவின் ஆட்களைப் பற்றியே எழுதியவர். சாலையில் ஒரு பேச்சு எப்படிக் கடை கடையாக நடக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிந்திருந்தால் நல்லது. நான் அப்போது வேறு அவசரத்தில் இருந்தேன். எங்கள் சரக்கு வியாபாரிகள் குழுவை, நாகர்கோவில், தென்காசி, நெய்யாற்றின்கரை ஆட்கள் உட்பட, சிக்னல் செயலிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2016இல் ஒரு பயனரின் விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் தவிர சிக்னலிடம் கொடுக்க ஒன்றுமே இல்லை என்ற கதையைச் சொல்லித்தான் அவர்களை வசப்படுத்தினேன். செய்தி ஒரு வாரத்தில் தானே அழியும்படி அமைத்தும் வைத்தேன்.

அந்தக் குழுவில்தான் இது நடந்தது.

பழைய வாடிக்கையாளர் ஒரு பெண், வைத்தியரின் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மேலே பெயரும் வயதும். வரிசையில் திருதாளி வேர் இருந்தது, என்னிடம் இருப்பு இல்லை. மழைக்காலம், கடையில் கூட்டம். ‘திருதாளி கால் கிலோ யாரிடம் இருக்கிறது’ என்று தட்டியிருந்தால் போதும். எனக்குச் சோம்பல். படத்தை அப்படியே குழுவில் போட்டு, ‘இதில் ஐந்தாவது யாரிடம் உண்டு’ என்று கேட்டேன். கால் மணி நேரத்தில் சரக்கு கிடைத்தது. தொழில்நுட்பத்தை மெச்சிக்கொண்டேன் என்றுகூட நினைவு.

திருதாளி எதற்கு என்று எங்கள் தொழிலில் கூலிக்காரப் பையனுக்கும் தெரியும். கர்ப்பம் தங்க. குழுவில் இருந்த ஒருவர் அவளுடைய கணவருக்குச் சித்தப்பா மகன். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. பெயரைப் பார்த்தார், வீட்டில் சொன்னார். இரண்டு முறை கலைந்ததை அவளும் கணவரும் மாமியார் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பிறகு அந்த வீட்டில் என்ன பேச்செல்லாம் நடந்ததோ, அதை ஊகித்து எழுத எனக்கு உரிமையில்லை.

அவள் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. “சேட்டா, அந்தச் சீட்டு இங்கேயிருந்தா போச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

இதுவரை எழுதியது கவனக்குறைவு. இனி எழுதுவதற்குத்தான் இந்த வாக்குமூலம். நான் பொய் சொன்னேன். அதுவும் வெறும் பொய் இல்லை, படித்த பொய். “நாங்க உபயோகிக்கிறது சிக்னல், மோளே. கம்பெனிக்காரனே பார்க்க முடியாது. அதிலிருந்து வெளியே போகாது” என்றேன். இரு முனைக் குறியாக்கம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். வைத்தியர் வீட்டிலிருந்து போயிருக்கலாம் என்று சந்தேகத்தையும் மெல்ல அந்தப் பக்கம் தள்ளினேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். இன்னும் ஒரு வாரத்துக்குள் அந்தப் படம் எல்லோர் போனிலிருந்தும் அழிந்துவிடும் என்ற கணக்கு அப்போதே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டுக்கேட்பவனிடமிருந்து சாதாரண மனிதனைக் காப்பாற்ற வைத்த வசதியை, நான் தடயத்தை அழிக்க வைத்துக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் இது அன்று மட்டும் நடந்ததல்ல. நான் மாற்றிய செயலிகள் அத்தனையும் என்னைக் காப்பாற்ற. நான் தேடுவது, நான் போகும் வழி, நான் பேசுவது. கடைக்கு வரும் சீட்டுகள் மட்டும் பழையபடி வாட்ஸ்அப்பிலேயே வந்துகொண்டிருந்தன. வாடிக்கையாளரை வேறு இடத்துக்கு வரச் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயம். சரி, அந்தப் பயம் நியாயம்தான், கடை நடத்துகிறவனுக்குத் தெரியும். ஆனால் வந்த படங்கள் என் போனின் புகைப்படத் தொகுப்பில் தானாகச் சேர்ந்தன. அரட்டைகளின் காப்புப் பிரதி மேகச் சேமிப்புக்குத் தினமும் இரவில் போனது. அந்தப் பிரதியையும் குறியாக்கம் செய்யும் வசதியை வாட்ஸ்அப் 2021 கடைசியிலேயே கொடுத்துவிட்டது. நாமே போய் இயக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்துக்கெல்லாம் அறிவுரை சொன்னவன் அந்தப் பொத்தானைத் தேடிப் போகவில்லை. என் புகைப்படங்களுக்கிடையே ஊராரின் மூலமும் வெள்ளைப்படுதலும் வருடக்கணக்கில் கிடந்தன. அப்பாவின் கம்பியும் அடுப்பும் இதைவிட மேல்.

இப்போது பொட்டலம் கட்டியவுடன் படத்தை அழித்துவிடுகிறேன், குழுவில் மருந்தின் பெயரைத் தவிர வேறெதையும் போடுவதில்லை. காப்புப் பிரதியை நிறுத்தியாயிற்று. இதெல்லாம் செய்யக் கடினமே இல்லை என்பதுதான் கூடுதல் வெட்கம். அந்த வைத்தியரிடம் மட்டும் ஒருநாள் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. என் கடைக்குச் சீட்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

அவளிடம் சொல்லவில்லை. அவள் இப்போது ஆரியசாலைப் பக்கம் வேறு கடையில் வாங்குகிறாள், எப்போதாவது எதிரில் பார்த்தால் சிரிக்கிறாள். மலையாளத்தில் இதை எழுதித் தரும்படி கேட்கக்கூடிய நண்பர்கள் எனக்கு இந்தத் தெருவிலேயே உண்டு, எனக்கே ஓரளவு எழுத வரும். தமிழில் எழுதியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.