தகட்டுக்கு முந்திய சுவர்

இப்போதெல்லாம் கல்லூரி வாசல்களில் ஒரு தகடு பளபளக்கிறது: பசுமைக் கட்டடம், தங்கத் தரம், பிளாட்டினத் தரம். நான் பார்த்த ஒரு கல்லூரியில் அந்தத் தகட்டுக்குப் பின்னால் முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே பட்டப்பகலில் விளக்கு, ஓயாத ஏசி. இந்தப் பசுமையின் ஊற்று எது என்று தேடத் தொடங்கினேன்.

இந்தியாவில் தகட்டின் கதை 2003இல் ஐதராபாத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் 'லீட்' தரச்சான்று முறையில் பிளாட்டினம் பெற்ற சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் அங்கே இருக்கிறது. அந்த முறையை உருவாக்கிய அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் பிறந்தது 1993இல். அதற்கும் முன்னால், 1990இல், பிரான்ஸின் தல்லுவார் நகரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடிச் சூழலைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தார்கள்.

ஆனால் திருவனந்தபுரத்தில் இவை எல்லாவற்றுக்கும் மூத்த வளாகம் ஒன்று உண்டு. பொருளியலாளர் கே.என்.ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு, 1970களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிக்கொடுத்தது. மேட்டை வெட்டிச் சமமாக்காமல் அதன் சரிவோடு ஏறி இறங்கும் கட்டடங்கள், மரம் குறுக்கிட்டால் வளைந்துகொடுக்கும் சுவர்கள், பூச்சில்லாத செங்கல். ஜன்னல் இருக்க வேண்டிய பல இடங்களில் இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்தான். வெயில் துண்டு துண்டாக நுழைகிறது. காற்று தடையில்லாமல் வருகிறது.

பேக்கர் இதையெல்லாம் எங்கே கற்றார்? அவர் பல சுவர்களில் கையாண்ட எலிப்பொறிக் கட்டு, அவர் பிறந்த இங்கிலாந்தில் செலவைக் குறைக்கக் கண்ட பழைய முறை. செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவருக்குள் வெற்றிடம் விழும். செங்கல் ஏறக்குறைய 25 சதவீதம் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். மலைச்சரிவை மதிப்பதற்கான பாடம் இமயமலைப் பகுதியில் உள்ள பித்தோராகட்டில் கிடைத்தது. மருத்துவரான மனைவி எலிசபெத்தோடு சுமார் 16 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தபோது, கல்லும் மண்ணும் மரமும் கொண்டு ஊரார் கட்டியதைக் கவனித்துக் கற்றார். ஐந்து மைலுக்குள் கிடைப்பதைக் கொண்டு கட்ட வேண்டும் என்று 1940களில் பம்பாயில் காந்தி தன்னிடம் சொன்னதை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஜாலிக்கு மூதாதையைத் தேட நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில் மரச்சட்டங்களை அடுக்கிய ஜன்னல்கள் செய்வதும் இதே வேலைதான்: வெயிலை வடிகட்டு, காற்றை விடு.

நாகர்கோவில் பக்கத்துக் கொத்தனார் ஒருவரிடம் எலிப்பொறிக் கட்டைப் பற்றிக் கேட்டேன். "கல்லு கம்மி சார், ஆனா கை நிதானமா போகணும். கூலி கூடும். காண்ட்ராக்டருக்கு அது பிடிக்காது" என்றார். பேக்கரின் கணக்கு இதற்கு நேரெதிர். சிமெண்டுக்கும் இரும்புக்கும் போகும் பணம் ஊரைவிட்டே போய்விடும். கூலியாகக் கொடுத்தது ஊரிலேயே புழங்கும்.

ஆக, நான் தேடிப்போன ஊற்றில் சூழலியல் என்ற பெயர்ப்பலகை இல்லை. சிக்கனம் இருந்தது, ஏழை நாட்டில் பொதுப்பணத்தில் கட்டுகிறோம் என்ற கூச்சம் இருந்தது. பசுமை அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

தகடு வேண்டாம் என்பதல்ல என் வாதம். சூரிய மின்தகடும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் வளாகங்களுக்குத் தேவைதான். ஆனால் தரச்சான்று பெரும்பாலும் கட்டி முடிக்கும் நேரத்தில் கிடைக்கிறது. கட்டடமோ அதன்பின் 50 ஆண்டுகள் கரண்டும் தண்ணீரும் குடிக்கிறது. தகட்டின் பக்கத்திலேயே, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, சென்ற ஆண்டின் மின்கட்டணத்தையும் தண்ணீர்ச் செலவையும் கல்லூரிகள் எழுதிவைக்கட்டும். பிளாட்டினம் எது, பித்தளை எது என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.