ஷெல்லில் பிறந்த கத்தி

தாய்வானின் ஆட்சியிலுள்ள கின்மென் தீவு, சீனக் கரைக்கு மிக அண்மையில் உள்ளது. 1958 ஆகஸ்ட் 23 முதல் 44 நாட்களில் இத்தீவில் 4 இலட்சத்து 70 ஆயிரம் வரையான ஷெல்கள் விழுந்தன. துண்டுப்பிரசுரங்கள் அடைத்த ஷெல்கள் 1978 இறுதிவரை வந்தன.

இன்று அங்குள்ள பட்டறைகளில் பழைய ஷெல் கோதுகள் குவிந்து கிடக்கின்றன. கொல்லர்கள் கோதை வெட்டி, உலையில் காய்ச்சி, அடித்துச் சமையற் கத்தியாக்குகின்றனர். ஒரு கோதில் ஏறத்தாழ 60 கத்திகள் செய்யலாம் என்பர். வீட்டைக் குலைக்க வந்த இரும்பு, அதே வீட்டின் குசினியில் மரக்கறி வெட்டுகிறது. அந்தக் கத்தியின் பொருள் அதுவே.

சகோதரிகளே, அவை வெடிக்காது என உறுதிசெய்யப்பட்ட கோதுகள். எமது காணியில் ஷெல்லைக் கண்டால் தொடாதீர்கள். கண்ணிவெடி அகற்றுவோருக்கு உடனே அறிவியுங்கள். அடுப்பு மீண்டும் எரிய, நாம் உயிரோடிருக்க வேண்டும்.