வெவே நகரில் ஒரு வெள்ளோட்டம்

பரீட்சைக்கு முதல் நாள் மண்டபத்தைச் சென்று பார்த்து, தம் இலக்கம் ஒட்டிய மேசை எங்கே கிடக்கிறதென அறிந்து வருவது எமது நாட்டு மாணாக்கர் வழக்கம். கடல் கடந்தும் அவ்வழக்கம் அவர்களை விட்டு நீங்குவதில்லை என்பதைச் சுவிற்சர்லாந்திற் கண்டோம்.

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், லோசான் நகரில் வாழும் எம் இளைய சகோதரியின் இல்லத்திற் சில வாரம் தங்கியிருந்தோம். முன்னர் எம்மிடம் வர்த்தகம் பயின்ற மாணாக்கர் ஒருவர் அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவ மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். படிப்பின் ஒரு பகுதியாக ஆறு மாதம் ஒரு தொழில் நிறுவனத்தில் உள்ளகப் பயிற்சி பெறல் வேண்டும். அவருக்கு இடங் கிடைத்ததோ, வெவே நகரிலுள்ள நெஸ்லே கம்பனியின் தலைமைப் பணிமனையில். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சமுகமளிக்க வேண்டும். ஞாயிறு காலையே எம் வாசலில் வந்து நின்றார்.

"சேர், நாளை போகவேண்டிய வழியை இன்று ஒருமுறை பார்த்து வருவோம். நீங்களும் வருகிறீர்களா?" என்றார். மறுக்க மனம் வருமா?

லோசானிலிருந்து வெவேக்குப் புகைவண்டியிற் கால் மணி நேரப் பயணந்தான். புகைவண்டி என்கிறோமே தவிர அதிற் புகை இல்லை, மின்சாரத்தில் ஓடுவது. வலப்புறம் 580 சதுர கிலோமீற்றர் பரந்த ஜெனீவா ஏரி. அதற்கப்பால் பிரான்சு நாட்டு மலைகள். இடப்புறம் லாவோ எனப்படும் திராட்சைத் தோட்டங்கள். செங்குத்தான சரிவிற் படிப்படியாகக் கற்சுவர் கட்டி மண்ணை நிறுத்தியிருக்கின்றனர். துறவிகள் காலத்திலிருந்து பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் வேலை அது. 2007 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. யாம் வலமும் இடமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க, மாணாக்கரோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி குறித்த நிமிடத்தில் வந்து சேர்ந்ததும் அவர் முகத்தில் ஓரளவு தெளிவு பிறந்தது.

வெவே சிறிய ஊர். ஞாயிறாதலின் கடைகள் அடைபட்டிருந்தன. ஏரிக்கரையில், தண்ணீருக்குள் எட்டு மீற்றர் உயரமான உருக்கு முட்கரண்டி ஒன்று குத்தி நிற்கிறது. எதிரேயுள்ள உணவு நூதனசாலையின் அடையாளமாக நாட்டியதாம். கையால் உண்டு பழகிய எமக்கு அது சற்று அச்சுறுத்தலாகவே தோன்றிற்று! அருகே தடியும் தொப்பியுமாகச் சார்ளி சப்ளினின் சிலை. அந்த மாபெரும் நகைச்சுவை நடிகர் 1953 ஆம் ஆண்டு முதல், 1977 இல் மறையும் வரை, இவ்வூருக்கு மேலேயுள்ள கோர்சியே என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர்.

பின்னர் மேற்கே நடந்து அந்தப் பணிமனையை அடைந்தோம். ஜோன் சூமி என்னும் கட்டடக் கலைஞர் வரைந்து, 1960 இல் நிறைவெய்திய மாளிகை அது. அலுமினியமும் கண்ணாடியுமாக, மூன்று கரங்களை விரித்தாற்போல் அமைந்து, தூண்களின்மேல் உயர்ந்து நிற்கிறது. வாயிலுக்கு எதிர்ப்பக்கத்திலேயே மாணாக்கர் நின்றுவிட்டார். "கழுத்துப்பட்டி கட்டவேண்டி வருமோ, சேர்?" என்று வினவினார். அதை அறிந்து சொல்லும் ஆற்றல் எமக்கேது?

இத்தனை பெரிய கம்பனி ஒரு மருந்தாளரின் மாக்கலவையிற் பிறந்தது. பிராங்போட் நகரிற் பிறந்து வெவேயிற் குடியேறிய ஹென்றி நெஸ்லே, தாய்ப்பால் ஏலாத குழந்தைகளுக்கெனப் பாலும் கோதுமை மாவும் சேர்த்து ஓர் உணவு செய்தார். 1867 இல், வேறெதையும் ஏற்காத குறைமாதக் குழந்தையொன்று அதனாற் பிழைத்தது. நெஸ்லே என்பது அவர் பிறந்த நாட்டு வழக்கிற் சிறு கூடு என்று பொருள்படும். பறவைக் கூடு சின்னமானது அதனால்தான். 'மில்க்மெய்ட்' என்ற பெயரில் எம் இல்லங்கள் அறிந்த ரின்பாலோ வேறொரு கம்பனியின் பிள்ளை; அமெரிக்கச் சகோதரர் இருவர் 1866 இற் சுவிற்சர்லாந்திற் தொடங்கிய அக்கம்பனி 1905 இல் நெஸ்லேயுடன் இணைந்தது. மறு ஆண்டிலேயே அவ்வணிகம் இலங்கைக்கும் வந்துவிட்டது.

இவற்றையெல்லாம் மாணாக்கரே சொல்லிவந்தார், நன்றாகப் படித்திருந்தார். திரும்பும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றுஞ் சொன்னார். வறிய நாடுகளிற் குழந்தைப் பால்மாவை விளம்பரஞ் செய்து தாய்மாரைத் தாய்ப்பாலிலிருந்து திருப்பினர் என்றும், தூய நீர் இல்லாத இடங்களில் அதனாற் குழந்தைகள் நோயுற்றனர் என்றும் குற்றஞ்சாட்டி, 1977 இல் அமெரிக்காவில் இக்கம்பனிப் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் எழுந்தது. 1981 இல், இதே ஏரியின் மறு கோடியிலுள்ள ஜெனீவாவில், உலக சுகாதாரப் பேரவை அத்தகைய விளம்பரத்துக்கு வரம்பிடும் ஒழுங்குக் கோவையை ஏற்றது. "இதைப் பற்றி அவர்களிடமே கேட்டறிய விருப்பம்" என்றார்.

திங்கள் மாலை சகோதரி வீட்டுக்கு வந்தார். கழுத்துப்பட்டி கட்டியவர் அவர் ஒருவரே என்று சொல்லிச் சிரித்தார். பகுதித் தலைவரைப் பெயர் சொல்லி அழைக்கும்படி கூறினராம், நா எழவில்லையாம். பிறகு சிரிப்பு நின்றது. அறிமுகக் கூட்டத்தின் இறுதியில், "கேள்விகள் உண்டா?" என்று வினவினராம். இவர் பேசாதிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த நோர்வே நாட்டுப் பெண் எழுந்து, இவர் மனத்தில் இருந்த அதே கேள்வியைக் கேட்டாள். பேசியவர் முகங்கோணாது நெடுநேரம் மறுமொழி கூறி, கூட்டம் முடிந்தபின் அவளைத் தனியாகவும் அழைத்துப் பேசினாராம்.

"எழும்பத்தான் நினைத்தேன், சேர். கால் எழும்பவில்லை."

கூச்சம் எவர்க்கும் உள்ளதென்று ஆறுதல் கூற வாயெடுத்தோம். அதற்குள் எமக்கொரு நினைவு வந்து தைத்தது. உயர்தர வகுப்பில் ஒரு நாள் இறக்குமதி பற்றிய பாடம். பின்வரிசையில் இதே பிள்ளை எழுந்து, "சேர், மாடுகள் இங்கேயும் நிற்கின்றனவே, பால்மா ஏன் கப்பலில் வருகிறது?" என்றது. "அது சோதனைக்கு வராது, இரும்" என்றோம். வகுப்புச் சிரித்தது. பிள்ளை இருந்தது. அதன்பின் அக்குரலை வகுப்பிற் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

அந்நாள் ஞாபகமுண்டா என்று அவரிடம் கேட்டோம். தலையைக் குனிந்து, "ஓம், சேர்" என்றார். சற்றுப் பொறுத்து, "அதற்கு விடை என்ன, சேர்?" என்றார்.

"சரியாகத் தெரியாது, தம்பி. அன்றைக்கும் தெரியாது. பால்மாவைப்பற்றித் தெரிந்தவர்கள் நிறைந்த இடத்தில் இருக்கிறீர். நாளைக்கு அங்கே கேளும்."

அவர் சட்டைப்பையிலிருந்த சிறு புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். சகோதரி தேநீருடன் வந்தாள். மறுநாட் காலை, அவர் புகைவண்டி நிலையத்தை நோக்கி விரைந்து செல்வதை மேல்மாடத்தில் நின்று பார்த்தோம். கழுத்துப்பட்டி இல்லை.