வருவார் என்கிற வினை

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கிளைக்குப் போன மாதம் ஓர் அம்மாள் பாஸ் புத்தகத்தோடு வந்தார். கணக்கு கணவர் பெயரில் இருந்தது. "ஒண்ணாந் தேதியானா அவருதானுங்க வருவாரு, கையெழுத்துப் போட்டு எடுப்பாரு" என்றார். வரிசை நீளம். நான் தலையைத் தூக்காமலே, "அப்ப அவரையே வரச் சொல்லுங்க" என்றேன்.

"அவரு தவறிப் போயி மூணு மாசமாச்சுங்க, தம்பி."

வாரிசு மனுவை நானே நிரப்பிக் கொடுத்தேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நண்பரின் கவிதையை விமர்சித்தபோது, செத்துப்போன அப்பாவை 'வருவார், உட்காருவார்' என்று எழுதுவது காலப் பிரக்ஞையற்ற எழுத்து என்று தீர்ப்புச் சொன்னவன் நான். பி.ஏ.வில் ஆங்கிலம் படித்தவன். (ஆங்கிலத்து 'வுட்'டும் இதே வேலையைச் செய்வது அப்போது ஞாபகம் வரவில்லை.)

சங்கப் பாடல்களின் வினையில் மொழியியலார் காண்பது இரண்டே காலம்: இறந்தது, இறவாதது. தொல்காப்பியம் மூன்று சொல்கிறதே என்றால், சொல்கிறது. ஆனால் நிகழ்காலத்துக்கென்று தனி உருபு பரவலாகப் புழங்கியது பிற்பாடுதான். கிறு, கின்று, ஆநின்று மூன்றையும் 13ஆம் நூற்றாண்டு நன்னூல் நிகழ்காலத்துக்கு வகுத்தது. ப், வ் இரண்டும் எதிர்காலத்துக்கு என்றது. ஆக, தமிழில் புதிதாக வந்தது நிகழ்காலம். நாம் எதிர்காலம் என்பது பழைய வீட்டில் எஞ்சிய இடம். வழக்கமும் ஊகமும் அங்கே நாளையோடு சேர்ந்து இன்னும் குடியிருக்கின்றன.

ஜெர்மன் வேறு வழியில் போயிற்று. அதன் பழைய நிலையிலும் எதிர்காலத்துக்குத் தனி வடிவம் இல்லை. நிகழ்கால வினையே போதுமாயிருந்தது. கடமையையும் விருப்பத்தையும் குறித்த துணைவினைகள் கொஞ்ச காலம் அந்த வேலையைப் பார்த்தன. கடைசியில் 'ஆகு' எனப் பொருள்படும் 'வேர்டன்' அங்கே அமர்ந்தது. அதுவும் நாளையோடு நிற்கவில்லை. 'இப்போது வீட்டில் இருப்பார்' என்ற ஊகத்தையும் ஜெர்மானியர் அதைக் கொண்டே சொல்கிறார்கள். நாளை வருவதற்குப் பேச்சில் அவர்களுக்கும் நிகழ்காலமே போதும், நம் 'நாளைக்கு வர்றேன்' போல.

அந்த அம்மாள் 'வந்துட்டு இருந்தாரு' என்று சொல்லியிருக்கலாம். அதில் நின்றுபோன செய்தி இருக்கிறது. 'வருவாரு'வில் வருகிற பழக்கம் மட்டும்தான். நண்பரின் கவிதையிலும் அவ்வளவே இருந்தது. நான்தான் அதற்குக் காலண்டர் மாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் கவிதை எதுவும் அனுப்பவில்லை என்று அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சொன்னார். நேற்று அவருக்கு ஒரு கார்டு போட்டேன், வழு என்னுடையது என்று.