காமெட் லாரியும் ஒரு முட்டுக்கட்டையும்

முடிச்சூர் ரோட்டில் ஒரு லாரி விற்பனைக்கு நிற்கிறது. இதுக்கெல்லாம் ஒரு பதிவா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அது சாதாரண லாரி இல்லை. கேபினிலிருந்து பின் கதவு வரை மரத்திலேயே பாடி கட்டின பழைய லேலண்ட் காமெட். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, இரண்டு பக்கமும் தவளைக் கண் மாதிரி விளக்கு, புதுசாக வார்னிஷ் அடித்த பலகை. டியூஷன் முடித்து வரும்போது ஒரு பட்டறை வாசலில் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்தேன்.

நம்ம ஊர் சரக்குதான் இது. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டிக்கொண்டிருந்தது. லேலண்டோடு ஒப்பந்தம் போட்ட பிறகு 1951-ல் காமெட் சேஸிஸ் வெளியே வர ஆரம்பித்தது. 1955-ல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட் ஆனது. அந்தக் காலத்தில் கம்பெனி கொடுப்பது சேஸிஸ், இன்ஜின், முன் மூக்கு, அவ்வளவுதான். டிரைவருக்குக் கூரை கூடக் கிடையாது. அப்படியே ஓட்டிக்கொண்டு போய் ஆசாரியிடம் விட வேண்டும். கேபின், கதவு, தளம், பக்கப் பலகை எல்லாம் அவர் கைவேலை. அதனால்தான் ஒரே மாடல் லாரி நாமக்கல்லில் ஒரு முகத்தோடும் ஆந்திராவில் வேறு முகத்தோடும் இருக்கும். இன்றைக்கும் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக உண்டு. இரும்பு அதிகமாகிவிட்டது, அதுதான் வித்தியாசம்.

பட்டறை அண்ணன் நன்றாகப் பேசினார். செங்கல்பட்டு பக்கம் ஒரு தோப்பில் மட்கிக் கிடந்ததை இரும்பு விலைக்கு வாங்கினாராம். மரத்தில் கால்வாசி கூடத் தேறவில்லை. சட்டம் தேக்கு, தளம் வேங்கை என்று பழையதைப் பார்த்துப் பார்த்துப் புதுசாகப் போட்டிருக்கிறார். பதினான்கு மாத வேலை. விலை ஒன்பது லட்சம்.

நான் பி.காம் இல்லையா, உடனே மண்டையில் கணக்கு ஓடியது. வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம், அதுவும் குறைந்துபோன மதிப்பின் மேல். வாங்கின விலை 40,000 என்று வைத்துக்கொண்டால் (சும்மா கணக்குக்குத்தான்) இருபது வருஷத்தில் புத்தகத்தில் நிற்பது 32 ரூபாய். ஒரு காபிக்குத் தேறும். அந்த 32 ரூபாய் எப்படி ஒன்பது லட்சம் ஆகிறது என்று எங்கள் சிலபஸில் எந்தப் பேப்பரிலும் இல்லை :-)

ஆனால் ஒரு சிக்கல். இன்ஜின் ஓடுகிறது, ரோட்டில் ஓட்ட முடியாது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தார்கள். 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், பெரிசாக எதையும் மாற்றியிருக்கக் கூடாது, கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ' என்று இரண்டு எழுத்து வரும். எல்லாம் சரி. ஆனால் அது டூவீலருக்கும், சொந்த உபயோகக் காருக்கும்தான். சரக்கு வண்டி அந்த விதிக்குள் வரவே வராது. பணக்காரர் வீட்டு வாசலில் நின்ற கார் பாரம்பரியம், அந்த வீட்டுக்குக் கல்லும் மணலும் கொண்டுவந்த லாரி காயலான் சரக்கு. எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆக, ஈ.சி.ஆர். பக்கம் ஏதாவது ரெசார்ட்டிலோ ஓட்டல் வாசலிலோ நிறுத்தி வைக்க ஆள் கிடைத்தால்தான் இந்த வண்டிக்கு வாழ்வு.

இனிமேல்தான் விஷயம். என் தாத்தா லாரி டிரைவர். இப்போது எண்பது தாண்டிவிட்டது. திரிசூலம், பல்லாவரம் மலைகளில் கல் உடைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு குவாரி முதலாளியிடம் காமெட் ஓட்டியவர். சந்தோஷப்படுவார் என்று போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். கண் கலங்குவார், ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்ப்பார், நான் செல்போனில் படம் எடுப்பேன் என்றெல்லாம் ஒரு கற்பனை.

ஒன்றும் நடக்கவில்லை. லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டிரைவர் சீட்டை அமுக்கிப் பார்த்தார். "மெத்தையா? எங்களுக்குப் பலகைதான். சாக்கு மடிச்சுப் போட்டுக்குவோம்" என்றார். இன்ஜின் சூட்டில் இடது கால் முடியெல்லாம் பொசுங்கிப் போகுமாம். ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பித்தான் தோள் போனது என்றார். கியர் மாற்ற இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டும், ஏற்றத்தில் விட்டால் மறுபடி விழாது. 2025 அக்டோபர் முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று நான் சொன்னேன். "நல்லா இருக்கட்டும்" என்றார். அதில் கிண்டல் இல்லை.

பிறகு பின் சக்கரத்துக்கு மேலே பாடியின் அடிப்பக்கம் குனிந்து எதையோ தேடினார்.

"முட்டுக்கட்டை எங்கப்பா?"

எனக்கு அந்த வார்த்தை பேப்பரில்தான் பழக்கம். திட்டத்துக்கு முட்டுக்கட்டை, பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை. அது நிஜமாகவே ஒரு கட்டை என்று அன்றைக்குத்தான் தெரியும். பக்கப் பலகைக்குக் கீழே ஒரு கொக்கி, அதில் சங்கிலியோடு தொங்கும் ஆப்பு மாதிரியான கட்டை. ஏற்றத்தில் வண்டி நின்றால் கிளீனர் குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் வைக்க வேண்டும். கல் லோடோடு நிற்கும் வண்டியை ஹேண்ட் பிரேக் மட்டும் நம்பி விட முடியாதாம்.

பட்டறை அண்ணன் தலையைச் சொறிந்தார். பழைய வண்டியில் கொக்கி மட்டும் இருந்தது, என்னவென்று தெரியாமல் அறுத்துவிட்டோம் என்றார்.

தாத்தா அங்கே கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். திரிசூலம் குவாரிப் பாதையில் ஒரு மழை நாள். வண்டி ஏற்றத்தில் திணறி நின்றுவிட்டது. கிளீனர் பையனுக்குப் பதினைந்து வயசு இருக்கும், திண்டிவனம் பக்கத்துக்காரன். கட்டையை வைத்தான், சேற்றில் அது வழுக்கியது. கையாலேயே தள்ளிச் சரிபண்ணப் பார்த்திருக்கிறான். வண்டி ஒரு ஜாண்தான் பின்னால் வந்தது.

"மூணு விரல்" என்றார் தாத்தா, தன் வலது கையை நீட்டிக் காட்டி. முதலாளி ஏதோ பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். "பிரேக்ல கால வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நான்தானே. அப்புறம் ஒருக்கா அவன் ஊருக்குப் போனேன். வீடு தெரியல, திரும்பி வந்துட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கும் இது புதுசு. எங்கள் சேலையூர் வீட்டு வாசல் தட்டையான சிமெண்ட் தரை. அதில் நிற்கும் அப்பாவின் கார் சக்கரத்துக்குப் பின்னால் தாத்தா தினமும் ராத்திரி ஒரு செங்கல்லை வைப்பார். காலையில் மறந்து ரிவர்ஸ் எடுத்து அப்பா எத்தனை தடவை திட்டியிருக்கிறார் தெரியுமா. நானும் சிரித்திருக்கிறேன்.

கிளம்பும்போது தாத்தா பட்டறை அண்ணனிடம் அளவு சொன்னார். ஒரு முழம் நீளம், ஒரு பக்கம் சரிவு, மேலே பிடிக்க ஒரு இரும்பு வளையம். வளையம் முக்கியம், கை உள்ளே போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

புதன்கிழமை அந்த அண்ணன் போன் பண்ணினார். வண்டியை இன்னும் யாரும் வாங்கவில்லை, ஒரு ஓட்டல்காரர் ஏழுக்குக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கட்டைக்கு மிச்சம் இருக்கிற தேக்கில் ஒரு துண்டு போடலாமா என்று தாத்தாவிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். "தேக்கு வழுக்கும். புளிய மரத்துல போடச் சொல்லு. போட்டதும் நான் வந்து பாக்கறேன்னு சொல்லு" என்றார்.